ஒரு கிராபிக்ஸ் கார்டும் நாலு கண்ணாடியும்

அன்புள்ள வாண்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விசாரிக்காமல் நம்புகிறேன் என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. கொஞ்ச நாளாக நீ அனுப்புகிற செய்திகளில் இந்த வீட்டில் ஒரே ஒரு ஆளின் சுகத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய். சூடு எவ்வளவு, மூச்சு வாங்குதா, இரைச்சல் போடுதா, உள்ளே தூசி சேர்ந்திருக்கா என்று. அந்த ஆள் உன் பழைய அறையில் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர். அதுவும் சௌக்கியம். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னது.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம், பாதியில் மீட்டிங் இருக்கும்மா என்பாய். மெசேஜில் எழுதியிருக்கலாம், முழுக்கப் படிக்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய். ஆகவே கடிதம். போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா ஓட்டிய லாரி, நிஜ லாரி இல்லை, உங்கள் விளையாட்டில் ஓடுகிற லாரி, சுங்கச்சாவடிக் கட்டையை நேராகப் போய் முட்டிக்கொண்டு நின்றதை நீ அங்கிருந்தே பார்த்தாய். உடனே எனக்கு ஒரு செய்தி வந்தது. புது கார்டு சரியா உட்காரலையா, டிரைவர் பழசா இருக்குமோ என்று. டிரைவர் பழசுதான், ஆனால் நீ கேட்ட மென்பொருள் டிரைவர் இல்லை. ஏன் முட்டினார் என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

முதலில் பழைய கதையை என் வாயால் ஒரு தடவை கேட்டுக்கொள், நீங்கள் இரண்டு பேரும் அதை ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். உன் அப்பா வேலைக்காலம் முழுவதும் பிரேக் இன்ஸ்பெக்டராக அடுத்தவர் வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, லைசென்ஸ் கேட்டு வந்தவர்களுக்கு பாஸ், ஃபெயில் என்று எழுதியவர். வீட்டுக்கு வந்தாலும் அதே ஒரு வார்த்தைதான். குழம்புக்கு ஒரு வார்த்தை, உன் ரேங்க்குக்கு ஒரு வார்த்தை. நீ லைசென்ஸ் எடுக்கப் போன அன்று இன்னொரு இன்ஸ்பெக்டர் லீவு. சொந்தப் பெண்ணுக்கு நீங்களே டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன், வண்டிக்கு அப்பன் மக தெரியுமா என்றார். நீ வளைத்தாய், ஏற்றத்தில் நிறுத்தினாய், ரிவர்ஸ் எடுத்தாய், இறங்கினாய். அவர் எழுதியது, கண்ணாடி பார்க்கவில்லை. மறுபடி போனாய், மறுபடியும் கண்ணாடி பார்க்கவில்லை. நான் பார்த்தேன் என்று நீ அலுவலக வாசலில் நின்று கத்தினாய், கண்ணு திரும்புச்சு, நீ பார்க்கல என்று அவர் மெதுவாகச் சொன்னார். அதோடு இந்த வீட்டில் உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு நின்றது. பிறகு வேலை கிடைத்து நீ கிளம்பினாய். போன இடத்தில் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கி, அதைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பினாய், அப்பாகிட்ட காட்டு என்ற ஒரு வரியோடு. காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அங்க ரோடு அகலம் என்றார். யாருக்கு யார் குறைந்தவர் என்று நான் அன்றைக்கே யோசித்துப் பார்த்து விட்டுவிட்டேன்.

போன தடவை நீ லீவில் வந்தபோது அவர் ரிட்டயர் ஆகியிருந்தார். ஜன்னலில் நின்றுகொண்டு, தெருவில் வண்டியை ஓரம் கட்டுகிறவர்களுக்கெல்லாம் உதட்டுக்குள்ளேயே மார்க் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு டாக்டர் அந்த ஜன்னலுக்குப் பயந்து காரை அடுத்த தெருவில் விட ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்துத்தான் நீ உன் பழைய கம்ப்யூட்டரில் அந்த லாரி விளையாட்டைப் போட்டுக் கொடுத்து, பிளாஸ்டிக் ஸ்டியரிங்கும் பெடலும் வாங்கி வைத்துவிட்டுப் போனாய். நல்ல காரியம் செய்தாய், இல்லை என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை உன் அப்பா ஷூ போட்டுக்கொண்டு உன் அறைக்குள் போவார். செருப்பு போட்டுகிட்டு பெடல் மிதிக்கிறவனுக்கு நான் லைசென்ஸ் கொடுத்ததில்ல என்பார். திரை ஓரத்தில் தெரிகிற சின்ன மேப்பையும் அணைத்துவிட்டார், ஓட்டும்போது படம் பார்க்கிறவனுக்கும் கொடுத்ததில்லையாம். நீ அங்கே உன் கம்ப்யூட்டரிலிருந்தே அதே ரோட்டில் சேர்ந்து, உன் மஞ்சள் லாரியில் முன்னால் போவாய். அவர் பின்னால் வருவார், ஈ காக்காய் இல்லாத சிக்னலிலும் நின்று வருவார், நீ அடுத்த திருப்பத்தில் ஓரம் கட்டிக் காத்திருப்பாய். மைக் வேண்டாம், பேசினா சண்டை வரும் என்று இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் வந்து சொன்னீர்கள். ஒரே வார்த்தை, ஒரே மூஞ்சி. ஆக, அப்பாவும் மகளும் வாயைத் திறக்காமல் இல்லாத ஊருக்கு இல்லாத சரக்கை ஏற்றிக்கொண்டு வாராவாரம் போய்வந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் ஒரே திசையில் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு அந்த விளையாட்டுக்கு ஏதோ புதுப் பதிப்பு வந்தது. படம் விக்கிவிக்கி ஓடியது. நீ அங்கிருந்தே நம் கம்ப்யூட்டருக்குள் புகுந்து எதையெதையோ குறைத்துவிட்டு, இப்ப வழுக்கிட்டுப் போகும்மா என்றாய். வழுக்கிக்கொண்டுதான் போனது. ஆனால் உன் அப்பா ஓட்டவில்லை. பக்கத்து லேனுக்கு மாற வேண்டிய இடம் வந்தால் லாரியை நடு ரோட்டில் நிறுத்திவிடுவார். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஓட்டுகிற லாரிக்காரர்கள் எல்லாம் பின்னால் நின்று ஹாரன் அடிப்பார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு, பாதி வழியிலேயே விளையாட்டை அணைத்து, ஷூவைக் கழற்றி வெளியே வைத்துவிடுவார். இப்படியே வாரம் வாரம். என்னங்க ஆச்சு என்று கேட்டேன். கண்ணாடி சரியில்ல என்றார். அப்புறம் நடந்த கூத்துக்கெல்லாம் இந்த இரண்டு வார்த்தைதான் முதல்.

பத்திரிகை ஆபீசில் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவள் நான். எந்தக் கண்ணாடி என்று கேட்கத் தோன்றவில்லை. நேராகக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எதுக்கு என்றார், கண்ணாடிக்கு என்றேன், நல்லபிள்ளையாகச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். டாக்டர் காட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரை படித்துவிட்டு, அட்டை சாய்ஞ்சு தொங்குது என்றும் சொன்னார். பழைய பவரே போதும் சார் என்று சொல்லியும் டாக்டர் ஒரு புது ஃபிரேமைத் தலையில் கட்டிவிட்டார். வெளியே வந்து, இங்க எதுக்கு வந்தோம் என்று என்னைக் கேட்கிறார். கண்ணாடி சரியில்லன்னு சொன்னீங்களே என்றேன். நான் சொன்னது இந்தக் கண்ணாடி இல்ல. பின்னே எந்தக் கண்ணாடி. முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீடு வரும்வரை ஆட்டோக்காரருக்கு மட்டும்தான் வார்த்தை கிடைத்தது, அதுவும் திட்டு.

உன்னிடம் சொன்னேன். நீ யோசிக்கவே இல்லை, ஸ்கிரீனைச் சொல்றார்மா, அந்த மானிட்டர் ரொம்பப் பழசு, கண்ணாடி மங்கிப்போயிருக்கும் என்றாய். உன் சித்தப்பாவிடம் சொன்னேன். போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறவர் அல்லவா, ஒயர் உள்ள எதுவும் தன் துறை என்று நினைக்கிறவர், அண்ணன் என்ன கேட்கிறார்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு அண்ணி என்று கண்ணடித்துவிட்டு, மறுநாளே ஒரு கேபினெட் படத்தைக் கொண்டுவந்து காட்டினார். கம்ப்யூட்டர் பெட்டிதான், ஆனால் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, உள்ளே இருக்கிற குடல் எல்லாம் பச்சையும் ஊதாவுமாக மின்னுகிறது. இப்ப எல்லாரும் கண்ணாடி கேபினெட்தான் அண்ணி என்றார். உன் அப்பா அதைப் பார்த்த பார்வையில் உன் சித்தப்பாவுக்கு லைசென்ஸ் இருந்திருந்தால் அங்கேயே ரத்தாகியிருக்கும்.

இதற்கு நடுவில் நீ முடிவு செய்துவிட்டாய், கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று. படத்தை வரைவது கார்டுதான், அது பழசு, அதனால்தான் அப்பா நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார், பட்ஜெட்டுக்குள் நல்லதாக ஒன்று வாங்கிவிடலாம் என்றாய். சரி என்றேன். அவ்வளவுதான், என் போனில் மழை கொட்ட ஆரம்பித்தது. குச்சி குச்சியாக நிற்கிற படங்கள், எது உயரமோ அது நல்லது. தாடி வைத்த ஒருவன் ஆஸ்பத்திரி பிரசவ வார்டு போலக் கத்திக்கொண்டு ஒரு கார்டை வாங்காதே என்கிறான், அதே தாடிக்காரன் அடுத்த வீடியோவில் அதையே வாங்கு என்கிறான். முதலில் ஒரு சின்ன கார்டு சொன்னாய். மறுநாள், அதோட கொஞ்சம் மேல போனா இன்னும் நல்லது கிடைக்கும்மா என்றாய். அதற்கடுத்த நாள் அதற்கும் கொஞ்சம் மேலே. பட்ஜெட் என்பது ஏணி என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கடைசியில் நீ போய் நின்ற கார்டுக்கு நம் வீட்டு பவர் சப்ளையில் தனி ஒயர் இல்லை. ஆகவே பவர் சப்ளையை மாற்று என்றாய். அவ்வளவு நீளமான கார்டு நம் பெட்டிக்குள் படுக்காது, ஆகவே பெட்டியை மாற்று. பழைய பிராசசரால் அந்த கார்டுக்குத் தீனி போட முடியாது, பாட்டில்நெக் ஆகும், ஆகவே பிராசசர், அதற்கு ஏற்ற போர்டு. கணக்குப் பார்த்தால் பழைய கம்ப்யூட்டரில் மிஞ்சப்போவது அதன்மேல் இருக்கிற தூசி மட்டும்தான், அதையும் துடைக்கச் சொல்லியிருந்தாய்.

நீ சொன்னபடி கடைக்கும் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், ஆனால் எதைக் கேட்டாலும் அதைவிடப் பெரியதைத்தான் எடுத்து வைப்பார். அங்கிளுக்கு என்ன கேம் மேடம் என்று என்னைக் கேட்டார், அவரே பக்கத்தில் நிற்கும்போது. லாரி என்றேன். அவர் முகத்தில் ஒரு இரக்கம் வந்தது. விலை ஒத்துவரவில்லை என்றதும் உள்ளேயிருந்து ஒரு பழைய கார்டைக் கொண்டுவந்தார், செகண்ட் ஹேண்ட், புதுசு மாதிரி இருக்கும் சார் என்று. உன் அப்பாவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பழைய வண்டி பார்க்கிற கண் அது. கார்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார், திருகாணிகளைப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார், விசிறியை விரலால் ஒரு சுற்றுச் சுற்றி காதில் வைத்துக் கேட்டார். எவ்வளவு ஓடியிருக்கு என்றார். இதுக்கு கிலோமீட்டர் எல்லாம் இல்ல சார் என்று கடைக்காரர் சிரித்தார். யார் ஓட்டினது. கேம் ஆடுற பசங்கதான் சார். பசங்க இல்ல, இது ராப்பகலா லோடு அடிச்ச வண்டி, ஸ்க்ரூ தலை தேய்ஞ்சிருக்கு, பிரிச்சு மாட்டியிருக்கீங்க, ஓரத்துல எண்ணெய் கசியுது என்றார் உன் அப்பா. நம்பரைத் துடைச்சிட்டுக் கொண்டு வர்ற லாரியெல்லாம் நான் நிறையப் பார்த்தாச்சு என்று சேர்த்துக்கொண்டார். எங்கேயோ கிடங்கில் வரிசையாக மாட்டி, கிரிப்டோ என்கிற கம்ப்யூட்டர் நாணயம் தோண்ட ஓடின கார்டுதான் அது என்று கடைக்காரர் கடைசியில் ஒத்துக்கொண்டார். கார்டு வேண்டாம் என்பதில் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், கார்டு வாங்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அன்று சாயங்காலம் உன் சித்தப்பா வந்திருந்தபோது, டீயைக் குடித்துக்கொண்டே உன் அப்பா சொன்னார், அந்தப் பெட்டியை நீ ஸ்டுடியோவுக்கு எடுத்துட்டுப் போயிடு, மாசக் கடைசில வண்டி அனுப்பு என்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்க இன்னும் கார்டு பார்த்துட்டு இருக்கோமே என்றேன். எதுக்கு, அவ அவ பாட்டுக்குப் போயிட்டா என்றார். நீ ஊரை விட்டுப் போனதைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். போய் எவ்வளவு காலமாகிறது, இன்றைக்கு என்ன புதிதாக என்று கூட வாய்வரை வந்தது. உன் சித்தப்பா காலி கிளாசைக் கீழே வைக்கும் முன்பே மேசைக்கு அடியில் குனிந்து பெட்டியை அளக்க ஆரம்பித்துவிட்டார். பெட்டி போனால் ஞாயிற்றுக்கிழமை போகும், ஞாயிற்றுக்கிழமை போனால் நீங்கள் இரண்டு பேரும் பழையபடி என் வழியாக நலம் விசாரித்துக்கொள்வீர்கள். அவ சாப்பிட்டாளா, அவருக்குச் சளி போச்சா, என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொருகி வைத்த கேபிள் மாதிரி நான் நடுவில் கிடக்க வேண்டும். அது என்னால் முடியாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மறுநாள் காலை அவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, ஷூ போடாமலேயே ஓட்டுங்க, நான் பார்க்கணும் என்று பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இத்தனை மாதத்தில் நான் அந்த அறைக்குள் டீ கொடுக்கப் போயிருக்கிறேனே தவிர, உட்கார்ந்து பார்த்ததில்லை. நன்றாகத்தான் இருக்கிறது, மரம், மேகம், ரோட்டோரப் புல் எல்லாம். லாரிக்கு இரண்டு பக்கமும் பெரிய பெரிய கண்ணாடி இருக்கிறது. கண்ணாடிக்குள் ஒன்றும் இல்லை. சாம்பலைக் குழைத்துப் பூசியது போல இருக்கிறது. ஏங்க, இந்தக் கண்ணாடியில பின்னாடி வர்றது எதுவும் தெரியலையே என்றேன். அவர் லாரியை நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை, பாஸ் ஆனவர்களுக்கு அலுவலகத்தில் வைத்திருந்தது போலிருக்கிறது. அதத்தானே சொன்னேன், கண்ணாடி சரியில்லன்னு என்றார். இதைப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அங்கிருந்தே சரிபண்ணியிருப்பாளே என்றேன். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடி பார்க்கலன்னு அவளை ரெண்டு தடவை ஃபெயில் பண்ணினவன் நான், இன்னிக்கு கண்ணாடி இல்லாம எனக்கு ஓட்ட வரலன்னு அவகிட்டயே போய் சொல்லச் சொல்றியா என்றார்.

வாண்டு, இப்போது உன் முறை. அன்று மத்தியானம் உனக்கு ஒரு செய்தி அனுப்பிக் கேட்டேன், நினைவிருக்கிறதா, செட்டிங்ஸில் மிரர் என்று ஒன்று ஆஃப் என்று இருக்கிறதே, அது என்ன என்று. நீ எழுதிய பதில் அப்படியே இதோ. அதுவா, அது கார்டை ரொம்ப இழுக்கும்மா, பின்னாடி இருக்கிறதை எல்லாம் இன்னொரு தடவை வரையணும், அதான் அணைச்சுட்டேன், யாரு கண்ணாடி பார்க்கப் போறா. கடைசி நாலு வார்த்தையை மறுபடி படி. இரண்டு தடவை ஃபெயில் போட்ட உன் அப்பாவுக்கு, உலகம் முழுக்க ஆள் வைத்துத் தேடினாலும் இதைவிடப் பலமான சாட்சி கிடைத்திருக்காது. நான் காட்டவில்லை. அந்தச் செய்தியை அழித்துவிட்டேன். நீயும் உன் பக்கத்தில் அழித்துவிடு.

நானே அதை ஆன் செய்து பார்த்தேன். கண்ணாடி வந்தது, ரோடு நின்றுவிட்டது. பழைய காலத்து ஸ்லைடு போல ஒவ்வொரு படமாக விழுந்தது. ஆக கார்டு வேண்டும் என்று நீ சொன்னது சரிதான், எதற்கு என்பதுதான் தப்பு. மறுபடி கடைக்குப் போனோம். இந்தத் தடவை பெட்டியையே வாடகைக் காரின் பின்சீட்டில் வைத்து, உன் அப்பா அதற்கு சீட் பெல்ட்டும் போட்டுவிட்டார். கடைக்காரரிடம் குச்சிப் படம் எதையும் காட்டவில்லை. இந்தப் பெட்டி மாறாது, இந்த பவர் சப்ளை மாறாது, தனி ஒயர் கிடையாது, இந்த லாரி விளையாட்டு இரண்டு கண்ணாடியும் தெரிகிற மாதிரி ஓட வேண்டும், எது என்று கேட்டேன். கண்ணாடி என்று காதில் விழுந்ததும் அவர், உன் சித்தப்பா படத்தில் காட்டிய மாதிரி ஒரு கண்ணாடிச் சுவர் கேபினெட்டைத் தொட்டுக் காட்டப் போனார், அது வேண்டாம் என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம், பல வருஷத்துக்கு அப்புறம். அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். ஒரே ஒரு விசிறி, உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளம், ஒரு விளக்கு மின்னாது. போர்டில் சொருகினால் அதிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளுமாம். இது கேம் ஆடுறவங்க வாங்க மாட்டாங்க மேடம், ஃப்ரெண்ட்ஸ் சிரிப்பாங்க என்றார். எனக்கு ஃப்ரெண்ட்ஸ் இல்ல என்றார் உன் அப்பா. நீயும் இந்த கார்டை ஒரு தடவை குறிப்பிட்டிருக்கிறாய், இதை மட்டும் வாங்கிடாதம்மா, வேஸ்ட் என்று. கடையிலேயே பழையதைக் கழற்றி இதை மாட்டி, அதற்குரிய மென்பொருளை ஏற்றி, கண்ணாடியைப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்து வந்தோம். மரத்தின் நிழலைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. நிழலில் யாரும் ஃபெயில் ஆனதில்லை என்று உன் அப்பா ஒப்புக்கொண்டார். கண்ணாடிக்குள் பின்னால் போகிற ரோடு தெரிந்ததும் அவர் கடைக்காரருக்குக் கை கொடுத்தார். கடைக்காரர் இன்னும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இனி ஞாயிற்றுக்கிழமை. ஷூ போட்டார், உட்கார்ந்தார், கிளம்பும் முன் இரண்டு கண்ணாடியையும் நகர்த்தி நகர்த்திச் சரிசெய்தார். நீ வந்துவிட்டாய் என்று திரையில் எழுத்து வந்தது. கிளம்பினார். கொஞ்ச தூரம் போனபின், எங்க இவளைக் காணோம், வழக்கம்போல முன்னாடி போயிட்டா என்று சொல்லிக்கொண்டே லேன் மாறுவதற்குக் கண்ணாடியைப் பார்த்தார். பார்த்தவர் லேன் மாறவில்லை. பின்னால யாரு அது என்று என்னைக் கேட்டார். எட்டிப் பார்த்தேன். மஞ்சள் லாரி. முன்னால் பெயிண்டில் நீ வரைந்து வைத்திருக்கிற அந்தக் கண்றாவிக் கோழி. உன் மகதான் என்றேன். இவ எதுக்குப் பின்னாடி வர்றா என்றார். அப்போதுதான் எனக்கே மண்டையில் ஏறியது. நீ கண்ணாடியை அணைத்து, அவர் நடு ரோட்டில் நிற்க ஆரம்பித்த அன்றைக்கே நீ முன்னாலிருந்து பின்னால் போய்விட்டாய், இல்லையா? கண்டவன் வந்து அவர் முதுகில் முட்டாமல் இருக்க. நீ சொல்லவில்லை, அவருக்குக் கண்ணாடி இல்லை. முன்னால் உன்னைக் காணோம் என்றதும் பொறுமையில்லாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாய் என்றே இத்தனை வாரமும் நினைத்து, பாதி வழியில் ஷூவைக் கழற்றியிருக்கிறார். அவ பாட்டுக்குப் போயிட்டா என்று சித்தப்பாவிடம் சொன்னது ஊரை விட்டுப் போனதை இல்லை. ரோட்டில். முதுகுக்குப் பின்னாலேயே ஒருத்தி வந்துகொண்டிருக்கும்போது.

அதன்பிறகு உன் அப்பா ரோட்டைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத்தான் பார்த்தார். இடைவெளி விட்டு வர்றா என்றார். நான் பிரேக் போட்டா அவளும் போடுறா என்றார். இண்டிகேட்டர் கொஞ்சம் லேட் என்றார். அங்க யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க என்றார், அந்த யாரோ என்ற வார்த்தையை அழுத்தி. ஏங்க முன்னாடி என்று நான் சொல்வதற்குள் சுங்கச்சாவடி வந்துவிட்டது. கட்டை அங்கே, லாரி இங்கே. ஆயிரக்கணக்கான பேரை ஃபெயில் போட்ட மனுஷன் கண்ணாடி பார்த்ததால் முட்டினார், அதையும் எழுதி வைத்துக்கொள். நீ பின்னால் வந்து நின்று, நாலு விளக்கையும் மினுக்கவிட்டுக் காத்திருந்தாய். அவர் கிளம்பவே இல்லை. கண்ணாடிக்குள் மினுங்கிக்கொண்டிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ போட எழுந்து வந்துவிட்டேன், அந்த இடத்தில் எனக்கு வேலை இல்லை.

உன் சித்தப்பாவிடம் பெட்டி கிடையாது என்று சொல்லியாயிற்று. உன் அப்பா சொல்லவில்லை, ஷூவை எடுத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், அதைப் பார்த்தே சித்தப்பா புரிந்துகொண்டு பழைய கார்டையாவது கொடுங்க அண்ணி என்று வாங்கிப் போனார். நேற்று உன் அப்பா கம்ப்யூட்டரின் முதுகுப் பக்கம் டார்ச் அடித்துக்கொண்டு குனிந்திருந்தார். என்ன தேடுகிறீர்கள் என்றேன். மைக் எதில் சொருகணும், பச்சையிலா ரோஸிலா என்றார். எனக்குத் தெரியும், நீதான் போன தடவையே சொல்லிவிட்டுப் போனாய். தெரியாது, அவளையே கேளுங்க என்று சொல்லிவிட்டேன். ஆகவே இந்தக் கடிதம் வந்து சேர்ந்ததும் அவரிடமிருந்து போன் வரலாம், கடிதத்துக்கு முன்பே வந்தாலும் வரலாம். மீட்டிங் இருக்கு என்று சொல்லாதே. பச்சையா ரோஸா என்று மட்டும்தான் கேட்பார். ரோஸ் என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதே. அகல ரோட்டைப் பற்றியும் ஆரம்பிக்காதே. இண்டிகேட்டரை நேரத்தோடு போடப் பழகு, அவர் சொல்லும் முன் நீயே செய்துவிட்டால் பேச வேறு விஷயம் தேட வேண்டியிருக்கும், இரண்டு பேருக்கும் அது நல்லது.

காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே, குளிர் அதிகம் என்றால் கழுத்தை மூடிக்கொண்டு போ. எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருந்து, நினைத்ததெல்லாம் கைகூடி நீ நீண்ட காலம் வாழ வேண்டும். அந்த மிரர் செட்டிங்கில் மட்டும் இனிமேல் கை வைக்காதே.

இப்படிக்கு,
இனி கேபிளாக இருக்க மறுக்கும்
உன் அம்மா